பையை யார் பார்த்துக்கொள்வது?

"பையை நான் பாத்துக்கறேன், நீங்க இறங்குங்க அத்தான்" என்று மச்சினன் சொன்னதும் பல் டாக்டருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர் மணலில் விரித்த துணியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பை. பையின் வாரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். எல்லாருடைய போனும், கார் சாவியும், மனைவி கழற்றிக் கொடுத்த சங்கிலியும், அவருடைய கல்யாண மோதிரமும் அதற்குள் இருந்தன. எதிரே கடல், இன்னும் முழுசாகத் தூக்கம் கலையாத குழந்தை மாதிரி, புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றார் டாக்டர். "நீ சும்மா உக்காந்தாலே தூங்கிடுவே. என் கிளினிக் நாற்காலியில வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்கினவன் நீ."

"அது ஊசி போட்டதால அத்தான்."

"ஊசியை நான் இன்னும் கையிலயே எடுக்கல. அதுக்குள்ள குறட்டை."

மனைவி சிரித்தாள். அவள் ஏற்கெனவே நீச்சல் உடையில் இருந்தாள். தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, கடலின் பக்கம் பாதி திரும்பி நின்றாள். அவளுடைய பாதங்கள் மட்டும் முன்னமே புறப்பட்டுவிட்டதைப் போல ஈர மணலைப் பார்த்து நின்றன.

பல் டாக்டருக்குத் திருடனிடம் அப்படியொன்றும் பயம் கிடையாது. பயமெல்லாம் தண்ணீரிடம்தான். இது தன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று நாள் முழுக்கப் பிறருக்குத் தைரியம் சொல்லிப் பிழைக்கிற மனிதர், வீட்டில் ஷவரைத் திறக்கமாட்டார். குவளையில் மொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கில் ஒரு சொட்டும் படாமல் ஊற்றிக்கொள்வார்.

கல்யாணமான புதிதில் கடற்கரைக்கு வந்தபோது மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். நுரை கணுக்காலைத் தொட்டது. காலடி மணல் நழுவியது. உலகமே தன்னைக் கைவிட்டுப் பின்வாங்குகிறது என்று அவருக்குத் தோன்றிய அந்த நொடியில், வாயில் தானாக வந்து விழுந்த வார்த்தைகள்: "பையை யார் பாத்துக்கறது?"

அவள் பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் நீந்திவிட்டு வந்தாள்.

அன்று தொடங்கிய காவல். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் கடலில் மிதப்பாள், இவர் கரையில் பையோடு இருப்பார். சும்மா இருந்தால் எடுபடாது என்பதால் திருட்டுக் கதைகளும் சேர்த்துக்கொண்டார். பந்தைத் தேடுகிற மாதிரி வருகிற திருடன். ஐஸ்கிரீமை மேலே சிந்திவிட்டுத் துடைக்கிற சாக்கில் மோதிரத்தை உருவுகிற திருடன். பக்கத்தில் படுத்து வெயில் காய்ந்தபடி மணலுக்கு அடியில் கையை விட்டுப் பையை இழுக்கிற திருடன். இதில் பாதி பத்திரிகையில் வந்தவை, மீதி அவருடைய சொந்தச் சரக்கு. சொல்லிச் சொல்லி, எது எந்தப் பாதி என்று அவருக்கே மறந்துவிட்டது.

இந்தத் தடவை மச்சினன் கூட வந்ததுதான் வினை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஆட்களை ஏற்றி இறக்குவதே தொழில். காரில் வரும்போதே சொல்லிவிட்டான்: "இன்னிக்கு அத்தானைக் கடல்ல இறக்காம நான் வீட்டுக்குத் திரும்பறதா இல்ல."

"என்மேல நம்பிக்கை இல்லேன்னா விடுங்க" என்றான் இப்போது. "வாசல்கிட்ட லாக்கர் ரூம் கட்டியிருக்காங்க. உள்ள வெச்சுப் பூட்டிட்டு நிம்மதியா வரலாம். எழுந்திருங்க."

டாக்டர் எழுந்தார். எழாமல் என்ன செய்வது?

"நீங்க போயிட்டு வாங்க, நான் கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று மனைவி குடைகளின் பக்கமாகப் போனாள். அவளுக்கு எங்கே போனாலும் பேச ஆள் கிடைத்துவிடும்.

லாக்கர் அறை குளுமையாக இருந்தது. வெள்ளை இரும்புக் கதவுகள் வரிசையாக, சுத்தமாக விளக்கிய பற்கள் மாதிரி பளிச்சென்றிருந்தன. மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மாள் சாவிக் கொத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் காலி" என்றாள். "உங்க அதிர்ஷ்டம்."

டாக்டருக்கு அது அதிர்ஷ்டமாகப் படவில்லை. கதவை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஆடுது" என்றார்.

"எது ஆடுது?"

"கதவு. அடிவேர் வரைக்கும் லூஸா இருக்கு. இதையெல்லாம் பிடுங்கிட்டு வேற வெக்கிறதுதான் நல்லது."

"இது லாக்கர் சார். வாய் இல்ல."

"இந்தப் பூட்டைத் திறக்கத் திருடனே வேண்டாம்மா. ஒரு ஹேர்பின் போதும்."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. தன் கொண்டையிலிருந்து ஒரு பின்னை உருவி அவர் கையில் வைத்தாள். "திறங்க. நீங்க திறந்துட்டா நான் இந்த வேலையையே விட்டுடறேன்."

"திறங்க அத்தான்" என்றான் மச்சினனும், கையைக் கட்டிக்கொண்டு.

வேறு வழியில்லை. பல்லின் வேருக்குள் நுழைந்து பழகிய விரல்கள் பூட்டுக்குள் நுழைந்தன. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே எங்கோ ஏதோ ஒன்று மெல்ல இளகுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் இடது பக்கம் திருப்பினார். 'டிக்' என்றது.

திறந்தது பூட்டு அல்ல, டாக்டரின் கண்தான். பாதிப் பின் அவர் கையில் இருந்தது. மீதிப் பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அம்மாள் சாவியைப் போட்டுப் பார்த்தாள், நுழையவில்லை. இனி அது திருடனுக்கும் திறக்காது, சொந்தக்காரனுக்கும் திறக்காது.

"இருந்த ஒண்ணும் போச்சு" என்றாள் அவள்.

"அடடா" என்றார் டாக்டர், முடிந்தவரை சோகமாக. பின்னுக்கும் பூட்டுக்கும் ஆகிற செலவைத் தாமே தருவதாகச் சொல்லி, நாலு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். வரும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதை மறைக்க, மணல் சுடுகிற மாதிரி பாசாங்கு செய்தார்.

மச்சினன் சளைக்கவில்லை. காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தான். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மேலே அழுத்தி மூடுகிற வாய், கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா.

"தண்ணி புகாது. போன், சாவி, சங்கிலி எல்லாத்தையும் இதுல போட்டு நெஞ்சுல மாட்டிக்கிட்டுக் கடல்ல இறங்கலாம். எந்தத் திருடன் வருவான் சொல்லுங்க?"

டாக்டர் உறையைப் பார்த்தார். அது தன்னை ஆழத்துக்கு இழுத்துப் போகப் பிறந்த ஜெல்லி மீன் போலவே அவர் கண்ணுக்குப் பட்டது.

"சோதிச்சுப் பாக்காம எப்படி நம்பறது? முதல்ல ஒரு காகிதத்தைப் போட்டு முக்கிப் பாக்கலாம்."

"காகிதம் என்ன காகிதம்! என் போனையே போடறேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு."

"வேண்டாம் மாப்ளே, காகிதமே போதும்."

"போட்டாச்சு. வாயை நீங்களே அழுத்தி மூடுங்க, அப்புறம் நான் சரியா மூடலேன்னு சொல்லக் கூடாது."

டாக்டர் அழுத்தினார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சீராக அழுத்திக்கொண்டே போன கட்டைவிரல், ஒரு ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. அவருக்கும் மனசாட்சி இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை கரையில் வந்து 'தொம்' என்று விழுந்தது. அவர் உறையை அப்படியே நீட்டிவிட்டார்.

அலை ஓரத்தில் குனிந்து மச்சினன் அதை முக்கி எடுத்தான். உறைக்குள் ஒரு சின்னக் கடல் இருந்தது. அந்தக் கடலின் அடியில் போன் ஒருமுறை வெளிச்சம் போட்டது. பின்பு கண்ணை மூடியது.

மச்சினன் உறையைக் கவிழ்த்து அந்தக் கடலை மணலில் கொட்டினான்.

"வேற வாங்கிடலாம் மாப்ளே" என்றார் டாக்டர். இந்தத் தடவை சோகம் நிஜம்.

"போனாப் போகட்டும்" என்றான் மச்சினன். அவன் குரலில் ஒரு பயங்கர அமைதி வந்திருந்தது. "இனிமே யாரும் என்னைக் கூப்பிடப் போறதில்ல. எனக்கும் பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. தூக்கமும் போயிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் இங்கயே கண்ணு கொட்டாம உக்காந்து உங்க பையைப் பாத்துக்கறேன். சட்டையைக் கழட்டுங்க அத்தான்."

தூரத்தில் மனைவி இடுப்பளவு நீரில் நின்று கையை ஆட்டினாள். வா என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியாதபடி வெயில் அவளைச் சுற்றிக் கூசியது.

டாக்டர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை மடித்தார். மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பல் பிடுங்க வந்தவர்கள் வரவேற்பறையிலிருந்து உள்ளே நடந்து வருவார்களே, அந்த நடையில் கடலை நோக்கி நடந்தார்.

"டாக்டர்! டாக்டர் சார்!"

பெரிய கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மணலில் தத்தித் தத்தி ஓடி வந்தாள். கையில் பச்சை நிறத்தில் ஒரு துணிப்பை.

"பல் டாக்டர் நீங்கதானே? இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? முக்கியமான சாமானெல்லாம் இருக்கு. பாத்தாலே தெரியுது, உங்களை நம்பிக் குடுக்கலாம்."

டாக்டருக்குக் கடவுளே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. பச்சைப் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பாத்தியா மாப்ளே? ஒருத்தங்க நம்பிக் குடுத்திருக்காங்க. இனிமே நான் எப்படி நகர்றது?"

"நான்தான் இருக்கேனே!"

"உன்கிட்ட குடுக்கணும்னா உன்கிட்டயே குடுத்திருப்பாங்க இல்ல?"

மச்சினன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கடலில் குதித்தான்.

அடுத்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். "அந்த ஆன்ட்டி சொன்னாங்க, நீங்க பாத்துப்பீங்கன்னு" என்று ஒரு தோல்பையை வைத்துவிட்டு, கையைக் கோத்துக்கொண்டு போனார்கள். அடுத்து சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர், பெட்டியோடு. அடுத்து மூன்று தோழிகள், ஆளுக்கொரு பையோடு. "ஆகட்டும், வெச்சுட்டுப் போங்க" என்று டாக்டர் எல்லாருக்கும் பெருமையாகத் தலையசைத்தார். பிறகு தெரியாதவர்களும் வரத் தொடங்கினார்கள். பைகள் குவிந்திருப்பதைப் பார்த்து, இங்கே பை வைப்பதுதான் வழக்கம்போல என்று நினைத்துக்கொண்டவர்கள். ஒருவர் செருப்பை விட்டுவிட்டுப் போனார். இன்னொருவர் தூங்குகிற நாயைக் கட்டிவிட்டுப் போனார்.

"ஐயா, நாயெல்லாம்..."

"கடிக்காதுங்க, உங்களை மாதிரியே சாது" என்று சொல்லி அவர் மறைந்துவிட்டார்.

யாருடையது எது என்று குழம்பிவிடக் கூடாதே என்று டாக்டர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வரிசை வாய்க்குள் இருக்கிற வரிசைதான். பைகளை எதிரெதிரே இரண்டு அரை வட்டமாக அடுக்கினார். மேல் தாடை, கீழ் தாடை. சிவப்புத் தொப்பிக்காரரின் பெட்டி கடைவாய்ப் பல். தம்பதியின் தோல்பை கோரைப் பல். கறுப்புக் கண்ணாடி அம்மாளின் பச்சைப் பை முன்வரிசையில், கடலுக்கு நேராக. எல்லாம் அடுக்கி முடித்து, சொந்தப் பையின் வாரை மறுபடி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்ததும், தாம் அந்த வாய்க்கு நாக்காகிவிட்டது அவருக்குப் புரிந்தது. வெளியே வர வழி வைக்கவில்லை.

வெளியே வந்து என்ன செய்யப்போகிறோம் என்றும் தோன்றியது.

மதியம் மெதுவாகக் கனிந்தது. காற்று உப்பும் வெயிலும் கலந்து கண்ணிமைமேல் உட்கார்ந்தது. நாய் கனவில் ஏதோ ஒன்றைத் துரத்திக் காலை அசைத்தது. பந்து விளையாடுகிறவர்களின் கூச்சல் பக்கத்து வீட்டு வானொலி போல வந்து வந்து போனது. எல்லாவற்றுக்கும் அப்பால், தண்ணீரின்மேல், மனைவி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். அவளைக் கடல் தூக்கியது, இறக்கியது. மறுபடி தூக்கியது. அவள் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் யோசித்தார்.

கல்யாண நாளிலிருந்து, கடலில் இருக்கும் மனைவியை அவர் ஒரு புள்ளியாகத்தான் பார்த்திருக்கிறார். அங்கே போனபின் அவள் முகம் எப்படி மாறும்? சிரிப்பாளா? பாடுவாளா? தனக்குத் தானே பேசிக்கொள்வாளா? கரைக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வருகிறாளே, எங்கே போய்விட்டு வருகிறாள்? கேட்டதில்லை. கேட்டால், "வந்து பாருங்க" என்பாள். அந்தப் பயத்திலேயே கேட்டதில்லை.

அவருக்குக் கண் சொருகியது.

காலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டு விழித்தார். நாய் நக்குகிறது என்று நினைத்தார். நாய் எழுந்து நின்று கடலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. கீழ் வரிசைப் பைகளைச் சுற்றி நுரை.

கடல் ஏறிவிட்டது. இவ்வளவு நாள் அவர் கடலிடம் போகவில்லை என்பதால், கடலே புறப்பட்டு வந்துவிட்டது.

டாக்டர் பதறி எழுந்து பைகளை இரண்டிரண்டாக மேட்டுக்குத் தூக்கினார். எல்லாம் ஆச்சரியமாக லேசாக இருந்தன. 'கனமே இல்லையே, அப்படியானால் நகைதான், வைரமாகத்தான் இருக்கும்' என்று நினைக்க நினைக்க வியர்த்தது. கோரைப் பல்லைக் காப்பாற்றினார். கடைவாயைக் காப்பாற்றினார். செருப்பில் ஒன்றைக் காப்பாற்றினார். மச்சினனைக் கூப்பிட்டார். அவன் மேட்டில் ஒரு குடை நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்க்கும்போது ஒரு பெரிய அலை, எந்த அவசரமும் இல்லாமல் வந்து, முன்வரிசைப் பச்சைப் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது.

இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் தானாகக் கத்தியது: "திருடன்! திருடன்! பையைத் தூக்கிட்டுப் போறான்!"

கடற்கரையே எழுந்தது. உயரமான நாற்காலியில் இருந்த காவலாளி விசிலை ஊதிக்கொண்டு குதித்தார். எல்லாரும் ஓடினார்கள், ஆனால் வாசல் பக்கமாக. திருடன் என்றால் தெருவைப் பார்த்துத்தானே ஓடுவான்? தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்த மச்சினன், தொப்பை குறைவதற்காகக் கரையோரம் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாவப்பட்ட மனிதரைப் பாய்ந்து கட்டிப்பிடித்தான்.

"பிடிச்சுட்டேன் அத்தான்!"

"அவரை விடுடா! திருடன் அங்க இருக்கான்!" என்று டாக்டர் கடலைக் காட்டினார்.

ஓடியவர்களில் கறுப்புக் கண்ணாடி அம்மாள் மட்டும் நின்று திரும்பினாள். "அது போனாப் போகுது டாக்டர்! விடுங்க!" என்று கத்தினாள்.

என்ன பெருந்தன்மை என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். எல்லாவற்றையும் இழந்துவிட்டு, போனால் போகட்டும் என்கிறாளே. பச்சைப் பை ஒரு சின்னப் படகு மாதிரி ஆடி ஆடித் தூரம் போய்க்கொண்டிருந்தது. நம்பிக் கொடுத்த பை.

அவர் ஓடினார். கணுக்கால். முழங்கால். தொடை. ஒவ்வொரு அளவிலும் உடம்பு "போதும்" என்றது. ஒவ்வொரு தடவையும் பை கைக்கு எட்டாத தூரத்தில் மிதந்தது. இடுப்பு. "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். நெஞ்சு. அப்போது ஒரு அலை எழுந்து வந்து, அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, அவரை உள்ளே வைத்து மூடிக்கொண்டது.

உள்ளே பச்சையாக இருந்தது. சத்தமே இல்லை. அவர் பயந்து காத்திருந்த எதுவும் அங்கே இல்லை. வெயில் மட்டும் நீள நீளக் கம்பிகளாக இறங்கி வந்து ஆடிக்கொண்டிருந்தது. 'சரி, இவ்வளவுதானா' என்று அவர் நினைத்ததுதான் தாமதம், கால் தரையில் பட்டது, தலை வெளியே வந்தது, கையில் பை இருந்தது.

பக்கத்தில் மனைவி இருந்தாள். எப்போது நீந்தி வந்தாளோ, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க! இறங்கிட்டீங்களே!"

"பை... பை..." என்றார் அவர், உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே.

"பை இருக்கட்டும். அடுத்தது வருது பாருங்க. நான் சொல்லும்போது குதிங்க."

"குதிக்கறதா? எங்க?"

"சும்மா மேல. இப்ப!"

குதித்தார். அலை அவரைத் தூக்கியது. ஒரு கணம் கீழே ஒன்றுமே இல்லை, மேலேயும் ஒன்றும் இல்லை. பிறகு பத்திரமாக இறக்கிவிட்டது. டாக்டரின் தொண்டையிலிருந்து ஒரு விநோதமான சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள அவருக்கே கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னொண்ணு வருமா?" என்று கேட்டார்.

"எப்பவும் வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றாள் அவள்.

கண்ணாடி இல்லாததால் கரை அவருக்கு ஒரு வெளிர்மஞ்சள் கோடாகத்தான் தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அவள் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் பாடவில்லை. தனக்குத் தானே பேசவும் இல்லை. அலை வருவதற்கு முன்னால் மூக்கைச் சுருக்கி, சின்னப் பெண் மாதிரி நாக்கை நீட்டினாள், அவ்வளவுதான். இதைப் பார்க்காமல் இத்தனை வருஷம் ஒரு பையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு இருந்தது. வெயில் மஞ்சளாகிச் சாய்ந்து, தண்ணீர் தேன்நிறமாகும் வரை அவர்கள் வெளியே வரவில்லை.

வந்தபோது கரையில் எல்லாரும் தத்தம் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பை மனிதரிடம் மச்சினன் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தான். ஒற்றைச் செருப்புக்காரர் நொண்டிக்கொண்டே போனார். நாய் வாலை ஆட்டி டாக்டரிடம் விடைபெற்றது.

"அத்தான்" என்றான் மச்சினன், அவரை மேலும் கீழும் பார்த்து. "நம்ம பை எங்க?"

"அது எங்க போகும்? கையை விட்டு இறக்கவே இல்லையே" என்று டாக்டர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் வார் இரண்டு சுற்று அப்படியே இருந்தது. அதில் தொங்கிய பையிலிருந்து கடல் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. உள்ளே இருந்த போன்களில் ஒன்று மெல்ல முனகிவிட்டு அடங்கியது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரார் பொருள்தான் முதலில். சொட்டச் சொட்ட நடந்து போய், கறுப்புக் கண்ணாடி அம்மாளிடம் பச்சைப் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, நனைஞ்சுபோச்சு. ஆனா ஒண்ணும் போகல. திறந்து பாருங்க. எது கெட்டுப்போயிருந்தாலும் என் பொறுப்பு."

அவள் பையைத் திறந்தாள். உள்ளே கசக்கி அடைத்த பழைய செய்தித்தாள்கள் கூழாகிக் கிடந்தன. டாக்டர் குனிந்து பார்த்தார், பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதுல கெட்டுப்போக என்ன இருக்கு டாக்டர், எங்க சாமானெல்லாம் காலையிலயே லாக்கர்ல வெச்சுட்டோம்" என்றாள் அவள். "உங்க வீட்டம்மாதான் குடை குடையா வந்து, 'எங்க வீட்டுக்காரருக்குத் தண்ணின்னா பயம், எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, என் தம்பி வேற விடமாட்டேங்கறான், ஆளுக்கொரு வெறும் பையைக் குடுத்து அவர் மானத்தைக் காப்பாத்துங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனாங்க!"